பற்று வரவு

ராத்திரிச் சாப்பாடு முடிந்து நான் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் வெற்றிலை வரும். 29 வருஷம் அப்படி வந்தது. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை. முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்து, காம்பையும் நுனியையும் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பை விரலால் தொட்டுத் தடவி, சீவல் வைத்து மடித்து நீட்டுவாள் என் மனைவி. "இந்தாங்க" என்பாள். 1986இல் கல்யாணமான புதிதில் பகலில் எங்களுக்குள் பேச்சே கிடையாது. அம்மா, அக்கா, தம்பி என்று ஆள் நிறைந்த வீடு. அந்த ஒரு மடிப்பு வெற்றிலைதான் அன்றைக்கு அவள் என்னோடு பேசிய பேச்சு. பத்து வருஷம் கழித்துச் சீவலோடு பன்னீர்ப் புகையிலையும் சேர்ந்துகொண்டது. சேர்த்தது நான். மடித்தது அவள்.

எனக்கு வேலை பெரிய தெருவில் ஒரு பாத்திரக் கடையில். கணக்குப்பிள்ளை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலாளிக்குப் பேரேட்டில் எழுதினால்தான் திருப்தி. வெற்றிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தால் மணி போவது தெரியாது.

2015 தொடக்கத்தில் முதலில் காரம் எரிந்தது. "ரசத்துல மிளகு ஜாஸ்தி" என்று அவளிடம் சத்தம் போட்டேன். மிளகைக் குறைத்தாள், அப்போதும் எரிந்தது. பிறகு வாய் முழுசாகத் திறக்க மாட்டேன் என்றது. ஒரு கல்யாணப் பந்தியில் லட்டைப் பிட்டுப் பிட்டுத் தின்றபோதுதான் எனக்கே உறைத்தது. அதன் பிறகு கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு, திட்டின் நடுவில் புண். கடைவாய்ப் பல் கூராக இருந்து குத்துகிறது என்று ஒரு பல் மருத்துவர் ராவிவிட்டார். மருந்துக் கடைக்காரர் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார். வீட்டில் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலும். இப்படியே நாலு மாதம் ஓடியது. மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை உடனே காட்ட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் காகிதத்தைப் படித்துக் காட்டவில்லை. "அடையாறு போயிடுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு சொல்லுக்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அடையாறு ஆஸ்பத்திரியில் முதல் நாள் டாக்டர் கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கின்றன.

"எத்தனை வருஷமாப் போடறீங்க?"

"கல்யாணம் ஆனதிலேருந்து."

"எந்தப் பக்கம் அடக்குவீங்க?"

"இடது."

அவர் டார்ச்சை என் இடது கன்னத்துக்குள் அடித்தார். "புகையிலையாலதானே சார்? வெறும் பாக்குன்னா ஒண்ணும் பண்ணாதே?" என்று கேட்டேன். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் போலிருக்கிறது; அலுப்பில்லாமல் விளக்கினார். புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985லேயே சொல்லிவிட்டது. புகையிலையே இல்லாவிட்டாலும் பாக்கு தரும் என்று 2004இல் சொல்லிவிட்டது. எரிச்சல், வாய் இறுகுவது, வெள்ளைத் திட்டு எல்லாம் உடம்பு முன்கூட்டி அனுப்பிய தபால்.

நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் டாக்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மடியில் விரித்து வைத்திருந்த தன் வலது கையின் ஆட்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு தொடும் விரல்.

அக்டோபரில் அறுவை. கன்னத்தின் உள்சதையையும், தாடை எலும்பில் மேல் விளிம்பு கொஞ்சத்தையும், கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். எடுத்த இடத்தை மூடுவதற்கு மார்பிலிருந்து தசையோடு தோலைத் திருப்பிக் கொண்டுவந்து தைத்தார்கள். எனக்கு மார்பில் ரோமம் அதிகம். அந்தத் தோல் இடம் மாறியதே தவிர பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று வாரத்தில் என் வாய்க்குள் முடி முளைத்தது. நாக்கால் தொட்டால் தென்னந் துடைப்பம். அவள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, சின்னக் கத்தரியால் அதைக் கத்தரித்து எடுப்பாள். "மீசைய வெளியில வெச்சுக்கக் கூடாதா?" என்றாள் ஒரு நாள். அந்த மாதத்தில் அவள் சொன்ன ஒரே வேடிக்கை அது. சிரிக்க முடியாமல் தையலைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே அவளுக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது. அட்டெண்டர். "இந்த பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு?" என்று கூப்பிட்டால் எழுந்து போவாள். எட்டாம் வகுப்பு படித்தவள், கும்பகோணத்தைத் தாண்டித் தனியாக பஸ் ஏறாதவள், ஒரே வாரத்தில் எந்த ஜன்னலில் சீட்டு, எந்த அறையில் ரத்தம், காப்பீட்டு அட்டையில் எங்கே முத்திரை என்று மற்ற அட்டெண்டர்களுக்கு வழி சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை. துணைக்கு வருகிறவருக்குக் கால் பங்கு. "சின்னப் பிள்ளைக்குக் கூட அரை டிக்கெட்டு, எனக்குக் கால் டிக்கெட்டு" என்று உழவன் எக்ஸ்பிரஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

காத்திருக்கும் நேரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் கதை காதில் விழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயில் இறந்துபோனார். வேறு வியாதி என்று நினைத்து வைத்தியம் பார்த்துக் காலம் கடந்துவிட்டது. பக்கத்தில் இருந்து அதைப் பார்த்த அக்கா முப்பது வருஷம் விடாமல் முயன்று 1954இல் 12 படுக்கைகளோடு இதைத் தொடங்கினார். கேட்டுவிட்டு என் மனைவி, "அப்ப இதைக் கட்டினதே ஒரு அட்டெண்டர்தான்" என்றாள்.

நவம்பர் நடுவில் கதிர்வீச்சு தொடங்கியது. வார்டில் யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை, "கரண்டு வைக்கிறது" என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 30 கரண்டு. அதற்கு முன்னால் முகத்துக்கு ஒரு வலை செய்தார்கள். வெந்நீரில் போட்டால் துவண்டுவிடும் பிளாஸ்டிக். அதை முகத்தில் போர்த்தி அழுத்தினால் மூக்கு, தாடை, கழுத்து என்று அச்செடுத்துக்கொண்டு இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் அதை மாட்டி மேசையோடு பூட்டிவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். சில நிமிடம்தான். வலி ஒன்றுமில்லை. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று முதல் வாரம் நினைத்தேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் வாயெல்லாம் வெந்துபோயிற்று. எச்சில் வற்றியது. தண்ணீர் கண்ணாடித் தூளாக இறங்கியது. அறுவையின்போது வைத்து எடுத்திருந்த மூக்குக் குழாயை மறுபடியும் வைத்தார்கள். பேசினால் எரியும் என்பதால் பேச்சையும் விட்டேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதிக் காட்டுவேன். அவளைக் கூப்பிட வேண்டுமானால் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவேன். 29 வருஷமாக நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "இந்தாம்மா"தான். இப்போது அதுவும் போய் டம்ளர்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 200 மில்லி. மிக்சியில் அரைத்த கஞ்சி, ராகிக் கூழ், பருப்பு வேகவைத்த தண்ணீர், முட்டை அடித்துக் கலந்து காய்ச்சிய பால். 50 மில்லி சிரிஞ்சின் உள்தண்டை உருவிவிட்டு, வெறும் குழலைக் குழாயில் செருகி உயரப் பிடிக்க வேண்டும். கையைத் தூக்கினால் வேகமாக இறங்கும்; வேகமாக இறங்கினால் எனக்குக் குமட்டும். தாழ்த்தினால் மெதுவாகும், ரொம்பத் தாழ்ந்தால் உள்ளே போனது திரும்பி வரும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர் புனலைப் பார்ப்பதுபோல அவள் அந்தக் குழலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குழாயை அலசி மூடி போடுவாள். உடனே 40 பக்க நோட்டில் எழுதிவிடுவாள்: "கா. 6. கஞ்சி 200. கா. 8. பால் முட்டை 200."

கணக்குப்பிள்ளை நான், கணக்கு அவள் கையில். பசியில்லை, வலி, தூக்கமில்லை, இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பெண் பிள்ளை என் வயிற்றுக்குள் எவ்வளவு போக வேண்டும் என்று மணி பார்த்து முடிவு பண்ணுகிறாளே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. கையைத் தட்டிவிடுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தாளில் "போ" என்று பெரிதாக எழுதிக் காட்டுவேன். அவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

டிசம்பர் 1. பன்னிரண்டாவது கரண்டு முடித்துவிட்டு மழையில் நனைந்துகொண்டு கோட்டூர்புரம் பக்கம் நாங்கள் எடுத்திருந்த மாடி அறைக்கு வந்தோம். அன்று இரவுதான் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வந்த தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை தாண்டியது. விடிவதற்குள் கீழ் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அந்த வீட்டுக்காரர்கள் நாலு பேரும் மெத்தை தலையணையோடு எங்கள் அறைக்கு ஏறி வந்துவிட்டார்கள். செல்போன் செத்துவிட்டது. எங்கேயோ பால் பாக்கெட் நூறு ரூபாய் என்று யாரோ கத்திக்கொண்டு போனார்கள். அந்த வாரம் எனக்கு இரண்டு கரண்டும் இல்லை.

ஆஸ்பத்திரிக் கரண்டாவது பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மிக்சிக் கரண்டுக்கு என்ன செய்வது? கூழில் ஒரு பருக்கை கட்டியாக நின்றாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வழியில்லை. அவள் சின்ன காஸ் அடுப்பில் அரிசியைக் குழைய வேகவைத்து, கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துத் தேய்த்து மசித்தாள். என் பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டாக மடித்து, அதில் ஊற்றிப் பிழிந்தாள். முதல் தடவை திப்பி வந்தது. மறுபடி பிழிந்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் விரலால் தொட்டுப் பார்த்து, இன்னொரு தடவை. 150 மில்லிக்கு ஒரு மணி நேரம்.

மறுநாள் ராத்திரி. கீழ் வீட்டுக்காரர்கள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்திருந்தோம். வாய் தீயாக எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாள் விட்டால் அது மறுபடியும் வளர்ந்துவிடுமோ என்று மண்டைக்குள் ஒரே குடைச்சல். அவள் சிரிஞ்சை எடுத்தாள். வேண்டாம் என்று கையை வீசினேன். கிண்ணம் கவிழ்ந்து, பிழிந்து வைத்திருந்த கஞ்சி அத்தனையும் படியில் வழிந்து இறங்கியது.

அவள் அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவள் கத்தினாள். தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று குரலைத் தொண்டைக்குள் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"வேணாம்னு இப்ப கையை வீசறீங்களே, அப்ப ஒரு நாளாவது வீசினீங்களா? அத்தனை வருஷமும் இந்தக் கையாலதானே மடிச்சு மடிச்சுக் குடுத்தேன். நல்லா இருக்குன்னு வாங்கிப் போட்டுக்கிட்டீங்களே. ஒரே ஒரு நாள் வேணாம்னு சொல்லிருக்கக் கூடாதா?"

அடையாற்றுக்கு வந்த நாளிலிருந்து அந்த விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லாருக்கும் என் மேல் பரிதாபம். அவள் மனசுக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்ததை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

பதில் சொல்ல வாய் இல்லை. காலண்டர் தாளைத் தேடி எடுத்தேன். பெரிசாக ஆறுதல் எழுத எனக்கு வராது. கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்தது கணக்குத்தான். முதன்முதலில் கடையில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித் தந்த விதியை எழுதினேன்: "பெறுபவர் பற்று. தருபவர் வரவு." கடன் எப்போதும் வாங்கிக்கொண்டவன் பேரில்தான் நிற்கும், கொடுத்தவர் பேரில் நிற்காது. இதைத்தான் சொல்ல நினைத்தேன்.

மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுவந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பற்றுன்னா பாசந்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வாய் கிழிகிறது, மூக்கில் குழாய் ஆடுகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அவள் சிரிக்கவில்லை. "உங்க கடைக் கணக்கெல்லாம் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் மறுபடி அரிசியைக் களைந்தாள்.

தண்ணீர் வடிந்து, தவறிய நாட்களையும் சேர்த்து, புத்தாண்டு தாண்டி 30 கரண்டும் முடிந்தது. குழாய் எடுத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்து புதுத்தோல் வந்தது. வாய்க்குள் முடி முளைப்பதும் கதிர்வீச்சோடு நின்றுபோனது. ருசி வர நாலைந்து மாதம் ஆயிற்று; முதலில் வந்தது புளிப்பு. எச்சில் மட்டும் பழையபடி சுரக்கவில்லை. இன்றைக்கும் கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் தெருமுனை வரைகூடப் போக மாட்டேன்.

மார்ச்சில் கடைக்குத் திரும்பினேன். வருஷக் கடைசி; நான் இல்லாத மாதங்களின் வரவு செலவைச் சரிபார்த்துக்கொண்டு வந்தபோது செப்டம்பரில் ஒரு பதிவு கண்ணில் பட்டது. "பழைய பித்தளை, வெற்றிலைப் பெட்டி ஒன்று, 1 கிலோ 100 கிராம். கணக்குப்பிள்ளை வீட்டம்மா." அவள் பிறந்த வீட்டுச் சீரில் வந்த பெட்டி. டாக்டர் என் கன்னத்தில் டார்ச் அடித்த அதே வாரம் எடைக்குப் போட்டிருக்கிறாள். எங்கள் கடைப் பழைய பித்தளை உருக்குவதற்கு நாச்சியார்கோவிலுக்குப் போகும். யார் வீட்டிலோ குத்துவிளக்காக நின்று எரிகிறதோ என்னவோ. நான் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்தைச் சரிபார்த்து டிக் போட்டுவிட்டுத் திருப்பினேன்.

அந்த 40 பக்க நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் சில வரிகளுக்குப் பக்கத்தில் "கோ" என்று ஓர் எழுத்து. பல வருஷம் கழித்து என்னவென்று கேட்டேன். "கோபம். டாக்டர் கேட்டாச் சொல்லணுமே, மருந்தாலயா இல்ல உங்களாலயான்னு." எண்ணிப் பார்த்தேன், 41 கோ. டிசம்பர் 2ஆம் தேதி ராத்திரிக்கு நேராக இரண்டு கோ இருந்தது. "இது ரெண்டும் என்னோடதா?" என்றேன். "ஒண்ணு எனது" என்றாள்.

2021 ஜனவரியில் அடையாறு ஆஸ்பத்திரியின் டாக்டர் சாந்தா மறைந்த செய்தி வந்தபோது அவள் சாமி விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு அகல் ஏற்றினாள். 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரை வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் பயந்துகொண்டுதான். "இலை என்ன பண்ணும் பாவம்" என்றாள். எங்கள் வீட்டுக்கு வருகிற சுமங்கலிகளுக்கு இன்றும் தாம்பூலம் உண்டு. வெற்றிலை, மஞ்சள், குங்குமம், வாழைப்பழம் எல்லாம் இருக்கும். பாக்கு மட்டும் இருக்காது. "பாக்கு இல்லாமத் தாம்பூலமா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு, "எங்க வீட்டுல இப்படித்தான்" என்பாள். காரணம் கேட்டால் என்னைக் காட்டுவாள்.

அறுவையும் கதிர்வீச்சும் ஆன வாய் இறுகிக்கொண்டே போகும். விட்டுவிட்டால் ஒரு ஸ்பூன்கூட நுழையாது. அதற்குப் பயிற்சி ஐஸ் குச்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொம்மை செய்ய வாங்கும் கட்டு, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். 2016இல் எட்டுக் குச்சியில் தொடங்கினோம்.

இப்போதும் ராத்திரிச் சாப்பாடு முடிந்து நான் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் அவள் வருவாள். குச்சிகளை முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்து, அடுக்கைச் சரிபண்ணி, "இந்தாங்க" என்று இடது பக்கமாக நுழைப்பாள். வலிக்கிற இடம் வந்ததும் நான் டம்ளரைத் தட்டுவேன். அவள் எண்ணுவாள்.

"பதினாறு. இன்னும் ஒண்ணு வெக்கட்டுமா?"